ஆப்பிரிக்காவுக்கு வேட்டைப் பயணம்: ஓராண்டுக்கு முன்பிருந்து பை கட்டும் நாள் வரை

முதல் முறை வேட்டை சஃபாரிக்குக் கிளம்புகிறவரின் பையைத் திறந்தால் எல்லாமே பளபளவென்று இருக்கும். புது பூட்ஸ், புதுச் சட்டை, எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குப் பாக்கெட் வைத்த ஜாக்கெட், கத்தி மட்டும் மூன்று. பேச்சுக் கொடுத்தால், நின்றபடி சுட்டுப் பழகவே இல்லை என்பார். நடுவில் விமானம் மாறும் நாட்டிலும் துப்பாக்கிக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம் என்றால் விழிப்பார். சஃபாரி கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். கால்சட்டை ஒன்று குறைந்ததால் யாருடைய வேட்டையும் நின்றதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பை கட்டுவது பின்னால்தான் வரும், அதுவும் சின்னப் பை.

தென்னாப்பிரிக்காவையும் நமீபியாவையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். முதல் பயணத்துக்கு ஏற்ற இடங்கள் இவை. வேட்டையும் குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் என்ற மான் வகைகள், வரிக்குதிரை, வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி என்று சமவெளி விலங்குகளாகவே இருக்கும். காட்டெருமை, யானை என்று போவது வேறு படிப்பு. அதற்கு முன் இதில் ஒரு முறையாவது தேறியிருக்க வேண்டும்.

ஓராண்டுக்கு முன்: நாடு, காலம், ஒப்பந்தம்

ஆப்பிரிக்கா என்றால் எங்கும் வேட்டை உண்டு என்று எண்ண வேண்டாம். கென்யா 1977-லேயே வேட்டைக்கு முற்றிலும் தடை போட்டுவிட்டது. போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி, 2019-ல் மறுபடி அனுமதித்தது. விதி மாறிக்கொண்டே இருக்கும். போகும் நாட்டின் விதியைவிட முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் வசிக்கும் நாட்டின் விதி. வேட்டையாடிய விலங்கின் கொம்பும் தோலும் உள்ளே வரலாமா, எந்த இனத்துக்கு இறக்குமதி அனுமதி வேண்டும் என்று சுங்கத்துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். பணம் கட்டியபின் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

காலத்தைப் பொறுத்தவரை மே முதல் செப்டம்பர் வரை நல்லது. அங்கே அது குளிர்காலம், மழையற்ற காலம். இலை உதிர்ந்து, புல் காய்ந்து, பார்வை தூரம் போகும். விலங்குகளும் தண்ணீரைத் தேடி வரும். நமீபியாவில் அந்நிய வேட்டைக்காரர்களுக்கான பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது என்றாலும், மழை முடிந்த கையோடு போனால் ஆளுயரப் புல்லில் குடுவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு நாடுகளிலும் வெளிநாட்டுக்காரர் தனியாக வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற உள்ளூர் தொழில்முறை வேட்டைக்காரர் உடன் இருந்தாக வேண்டும். முகாம்களில் அவரை 'பி.எச்.' என்றுதான் சொல்வார்கள். வேட்டையை நடத்தித் தரும் ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய படங்களைப் பார்ப்பதைவிட ஒப்பந்தத்தைப் படியுங்கள். நாள் வாடகை தனி, ஒவ்வொரு விலங்குக்கும் கட்டணம் தனி. காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் உண்டு என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். இரத்தம் தெரிந்தால் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது, வரி, தோல் பதப்படுத்தக் கொண்டுபோய்க் கொடுப்பது, வாடகைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவை விலையில் சேர்ந்தவையா என்று ஒவ்வொன்றாக எழுத்தில் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் வேட்டையின் பெரும்பகுதி வேலியிட்ட தனியார் நிலங்களில் நடக்கிறது. நிலம் எத்தனை ஹெக்டேர், விலங்குகள் அங்கேயே பிறந்து வளர்பவையா, வேட்டைக்கென்று கொண்டுவந்து விடப்படுபவையா என்றும் கேட்கலாம். இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்கிறவரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆறு மாதங்களுக்கு முன்: சொந்தத் துப்பாக்கியா, வாடகையா?

வாடகை. முதல் பயணத்துக்கு என் பதில் இதுதான். நல்ல முகாம்களில் ஸ்கோப் என்ற குறிநோக்கியும் ஒலியடக்கியும் பொருத்திய ரைஃபிளை நாள் கணக்கில் தருவார்கள். பாதி காகித வேலையும் விமான நிலையத் தலைவலியும் அதோடு போகும். ஆனால் வருடக்கணக்காகப் பழகிய சொந்த ரைஃபிள் தோளில் ஏறும்போது வரும் நம்பிக்கையை வாடகை ரைஃபிள் தராது என்பதும் உண்மை. அந்த நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் கொண்டுபோங்கள். சஃபாரிக்காகவே புதிதாக ஒன்றை வாங்குவதுதான் இருப்பதில் மோசமான வழி.

துப்பாக்கியும் தோட்டாவும் எந்த அளவு என்று அதிகம் குழம்ப வேண்டாம். .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் இந்த மூன்றில் எதுவும் சமவெளி விலங்குகளுக்குப் போதும். நமீபியாவில் சட்டமே குறைந்தபட்ச ஆற்றலைச் சொல்லிவிடுகிறது: ஸ்பிரிங்பாக் போன்ற சிறியவற்றுக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக் போன்றவற்றுக்கு 2,700 ஜூல், எருமை, யானை வகைக்கு 5,400 ஜூல். ஸ்பிரிங்பாக் ஓர் ஆளின் எடைகூட இராது. ஈலண்ட் என்ற பெரிய மான் வகையில் நன்கு வளர்ந்த காளை 900 கிலோவைத் தொடும். அதனால் நடுத்தர அளவில் ஒரே துப்பாக்கி, அதற்கு நன்றாக விரிந்தும் உடையாமல் ஊடுருவும் தரமான தோட்டா. துப்பாக்கியைவிடத் தோட்டாவுக்குச் செலவு செய்யுங்கள். விரியாத கெட்டித் தோட்டா பெரிய விலங்குகளுக்கானது, இங்கே வேண்டாம். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்: மேசையை விட்டு எழுந்திருங்கள்

துப்பாக்கி சுடும் திடலில் மேசைமேல் மணல்மூட்டை வைத்து, உட்கார்ந்து, மூச்சடக்கி, ஒரு நாணயத்துக்குள் மூன்று தோட்டாவை அடக்குவார்கள். ரைஃபிள் சரியாகச் சுடுகிறதா என்று பார்க்க அது தேவை. ஆனால் ஆப்பிரிக்கப் புதரில் மேசை கிடையாது. புல்லும் முள்ளும் இடுப்புக்கு மேல் நிற்கும். படுத்தால் எதுவும் தெரியாது. முன்னால் போகும் பி.எச். சட்டென்று நின்று மூன்று கால் கம்பை விரித்து ஊன்றுவார். நீங்கள் ரைஃபிளை அதன் கவட்டையில் வைத்து, நின்றபடியே, சில நொடிகளில் சுட வேண்டும். அப்போது இதயம் காதுக்குள் அடிக்கும்.

ஆகவே அதே மாதிரி மூன்று கால் கம்பு ஒன்றை வாங்குங்கள், அல்லது நீளமான மூங்கில் கழி மூன்றை மேல்பக்கம் ரப்பரால் கட்டிக்கொள்ளுங்கள். ரைஃபிளை 100 மீட்டருக்கு ஜீரோ செய்தபின், அதாவது அந்தத் தூரத்தில் ஸ்கோப் காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்தபின், மேசைப் பக்கமே போகாதீர்கள். முதலில் 50 மீட்டர், பிறகு 100, பிறகு 150. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுள்ள வட்டத்துக்குள் பத்துக்குப் பத்து விழுகிற தூரம்தான் உங்கள் தூரம். அதைப் பி.எச்.சிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். புதர்க்காட்டில் பெரும்பாலான குறிகள் 150 மீட்டருக்குள் வரும். நமீபியாவின் வெட்டவெளியிலும் தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற வறண்ட நிலப்பரப்பிலும் 200-க்கு மேல் போகலாம்.

பயிற்சியில் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஐம்பதடி வேகமாக நடந்து வந்து மூச்சு வாங்கும்போதே கம்பில் சாய்த்துச் சுடுவது. இரண்டு, சுட்டவுடன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், தோட்டா ஏற்றும் தண்டான போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றுவது. நெற்றியைச் சுருக்கி "பட்டதா?" என்று தலை தூக்கிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அந்த இரண்டு நொடியில் காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் போய்விடும். மூன்று, தோட்டா இல்லாமல் வீட்டில் தினமும் பத்து நிமிடம் கம்பில் ஏற்றி விசை இழுத்துப் பழகுவது. துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு. நான் இந்த மூன்றாவதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டுப் போய், முதல் நாள் காலை நின்றுகொண்டிருந்த இம்பாலாவை எண்பது மீட்டரில் தவறவிட்டேன். விலங்குக்கு ஒன்றும் ஆகவில்லை; எனக்குத்தான் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கே சுடுவது என்பதையும் வீட்டிலேயே படிக்க வேண்டும். பிற நாடுகளில் மான் வேட்டையாடியவர்கள் தோளுக்குப் பின்னால் குறி வைத்துப் பழகியிருப்பார்கள். இங்கே அப்படிச் சுட்டால் தோட்டா வயிற்றை ஒட்டிப் போகும் ஆபத்து உண்டு. ஆப்பிரிக்க மான் வகைகளில் இதயமும் நுரையீரலின் அடிப்பகுதியும் முன்னங்கால்களுக்கு இடையே, முன்னாலும் தாழ்வாகவும் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டையே பிடித்து மேலே ஏறுங்கள். உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு விலங்கின் படத்தையும் வைத்துக்கொண்டு, நேராக, சாய்வாக, எதிராக நிற்கும்போது அந்தப் புள்ளி எங்கே நகர்கிறது என்று பாருங்கள். வில்டபீஸ்டுக்குத் தோள்மேட்டில் பிடரி உயர்ந்திருப்பதால் எல்லோரும் உயரமாகச் சுட்டுவிடுவார்கள். அதற்கு 'ஏழையின் எருமை' என்று பெயர் வந்தது சும்மா அல்ல. தப்பான இடத்தில் பட்டால் பல மைல் ஓடும்.

காகிதங்கள்

கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியும் இரண்டு முழு வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். விசா உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது. வேட்டைக்கு என்று சேர்வது துப்பாக்கி அனுமதிதான்.

தென்னாப்பிரிக்காவில் தற்காலிக இறக்குமதிக்குக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற படிவம். கறுப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் அங்கே அதிகாரியின் முன்னால் போடுங்கள்; வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தால் மறுபடி எழுத வைப்பார்கள். கூடவே கடவுச்சீட்டு நகல், திரும்பும் பயணச்சீட்டு, துப்பாக்கி உங்களுடையது என்பதற்கான உரிமம், ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், வேட்டைக்காக வருகிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் உச்ச வரம்பு, அதுவும் அந்தத் துப்பாக்கியின் அளவுக்கானது மட்டும். அறுபதுக்கு மேல் எதற்கு என்பது என் கேள்வி. நமீபியாவில் வேலை எளிது: தலைநகர் விண்ட்ஹூக்கின் ஹோசியா குடாகோ விமான நிலையத்தில் இறங்கியதும் படிவம் நிரப்பி அங்கேயே அனுமதி வாங்கலாம். கைத்துப்பாக்கியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எந்த நாடானாலும் வேலை சிக்கிக்கொள்ளும் இடம் துப்பாக்கியின் தொடர் எண்தான். ரைஃபிளில் பொறித்திருக்கும் எண்ணையும் காகிதத்தில் உள்ள எண்ணையும் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பூஜ்யமும் ஆங்கில 'ஓ' எழுத்தும் இடம் மாறியிருந்தால் போதும், அன்றைய இணைப்பு விமானம் போய்விடும். எல்லாவற்றிலும் மூன்று நகல்: ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று மின்னஞ்சலில்.

விமான நிறுவனத்துக்குத் தனி அனுமதி வேண்டும். டிக்கெட் எடுத்த கையோடு எழுதிக் கேளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு நிறுவனங்கள் என்றால் இரண்டிடமும். இடையில் இறங்கும் நாடு துப்பாக்கி கடந்துபோவதற்கே முன் அனுமதி கேட்கலாம். கேட்கும் நாடு என்றால் அந்த வழியையே தவிர்த்துவிடுவது நல்லது. டிக்கெட்டில் மிச்சமாகும் காசு அந்த அலைச்சலுக்கு ஈடாகாது. தோட்டா ஒருவருக்கு மொத்தம் 5 கிலோவரைதான், சரக்கில் போடும் பெட்டியில் மட்டும். .308 அறுபது என்றால் ஒன்றரைக் கிலோ வரும், கவலையில்லை. ஆனால் தோட்டாவைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்கலாமா, வேறு பூட்டிய பெட்டி வேண்டுமா என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒன்று சொல்லும். பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

காப்பீட்டில் வேட்டையும், ஹெலிகாப்டரில் ஏற்றி நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பலவும் வேட்டையை விலக்கிவிடும்.

உடம்பும் மருந்தும்

ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டர் மணலிலும் கல்லிலும் நடக்க வேண்டியிருக்கலாம். மூன்று மாதமும் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டே நடந்து பழகுங்கள். பூட்ஸும் பழகும், காலும் பழகும்.

மலேரியா எல்லா இடத்திலும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குத் தாழ்நிலத்திலும் நமீபியாவின் வடக்கிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் இல்லை. மருத்துவரிடம் முகாம் இருக்கும் மாகாணத்தைச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பு மாத்திரை அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பியபின் 7 நாள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பியபின் 4 வாரம். மஞ்சள் காய்ச்சல் இந்த இரண்டு நாடுகளிலும் இல்லை. ஆனால் அது உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வந்தால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

பை கட்டும் நாள்

முகாம்களில் துணியைத் தினமும் துவைத்துத் தேய்த்துத் தருவார்கள். தேய்ப்பது அழகுக்காக மட்டும் அல்ல. சில பகுதிகளில் புட்சி என்ற ஈ, காயும் துணியில் முட்டையிடும்; புழு தோலுக்குள் போகும். இஸ்திரிச் சூட்டில் முட்டை செத்துவிடும். எனவே மூன்று செட் உடை போதும்: ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று பையில். உள்ளாடையை மட்டும் சில முகாம்களில் நாமே துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

நிறம் மங்கிய பச்சை, மண், காக்கி. பளிச்சென்ற வெள்ளை கூடாது. ராணுவப் புள்ளித் துணி வேண்டவே வேண்டாம். ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவதே குற்றம். கடிக்கும் செட்சி ஈ உள்ள பள்ளத்தாக்குகளுக்கு என்றாவது போனால் கறுப்பையும் நீலத்தையும் தவிருங்கள், அந்த ஈக்கு அவை பிடித்த நிறங்கள். நிறத்தைவிட முக்கியம் சத்தம். கையால் உரசிப் பார்த்துச் சரசரக்கும் நைலான் துணியை ஒதுக்குங்கள். பருத்திதான்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஜூன், ஜூலை விடியலில் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும், உள்நாட்டு மேட்டு நிலங்களில் அதற்கும் கீழே போகும். அந்த நேரத்தில் 'பக்கி' என்று அவர்கள் சொல்லும் பிக்கப் வண்டியின் திறந்த முதுகில் நிற்பீர்கள். மதியம் 25 டிகிரி. அதனால் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும்படி மெல்லிய கம்பளி, தடித்த ஃப்ளீஸ், காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, காதை மூடும் குல்லாய், கையுறை. கையுறைக்கு இன்னொரு வேலையும் உண்டு: முள் கிடக்கும் தரையில் தவழும்போது உள்ளங்கையைக் காப்பாற்றும்.

மற்றவை:

- கணுக்கால் வரை வரும், அடி மெத்தென்ற, பழகிய பூட்ஸ் ஒரு ஜோடி. முகாமில் போட ஒரு லேசான செருப்பு. புல்விதை ஏறாமலிருக்கக் கணுக்கால் உறை
- 8x42 அல்லது 10x42 தொலைநோக்கி, மார்போடு கட்டும் பட்டையுடன்
- அகல விளிம்புத் தொப்பி, சூரியக் களிம்பு, உதட்டுக் களிம்பு
- தலைவிளக்கு, சிறு கத்தி ஒன்று
- பூச்சி விரட்டி, வலி மாத்திரை, வயிற்றுப்போக்கு மருந்து, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், கொப்புளத்துக்குப் பட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் சீட்டோடு
- தென்னாப்பிரிக்காவின் பெரிய மூன்று உருண்டைமுனைச் செருகிக்கு ஏற்ற அடாப்டர்
- வண்டித் தூசி துடைக்க லென்ஸ் துணி. ரைஃபிளுக்கு மென்மையான தோளுறை

தொலைநோக்கியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். துப்பாக்கி உங்கள் கையில் இருப்பது பத்து நிமிடம், கண்ணில் தொலைநோக்கி இருப்பது நாள் முழுதும். பி.எச். "சாம்பல் நிறப் புதருக்கு இடப்பக்கம், காது மட்டும் தெரிகிறது" என்பார். அந்தக் காதைப் பார்க்க நல்ல கண்ணாடி வேண்டும்.

கைப்பையில் மருந்து, காகிதம், தொலைநோக்கி, ஒரு செட் உடை. பெட்டி வராமல் போனாலும் வேட்டை தொடங்கும். பவர் பேங்க்கும் கைப்பையில்தான்.

விமான நிலையம்

முன்பு சுடும் திடலுக்கு எடுத்துப் போன பையையோ ஜாக்கெட்டையோ கைப்பையாகக் கொண்டுபோகாதீர்கள். மூலையில் உருண்டு கிடக்கும் ஒரே ஒரு பழைய தோட்டா உங்களைக் கைதுவரை கொண்டுபோகும். துப்பாக்கி காலியாக, போல்ட் கழற்றி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், சாவி உங்களிடம். முகப்பில் "துப்பாக்கி இருக்கிறது, அறிவிக்க வந்திருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள், பெட்டியை நீட்டிக்கொண்டு உரக்கச் சொல்லாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் காவல் அலுவலகத்தையும் கணக்கில் வைத்து நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அன்றிரவு அங்கேயே தங்கிவிடுவது இன்னும் நல்லது.

முகாமில் முதல் நாள்

இறங்கியதும் குறிப்பலகை ஒன்றில் இரண்டு மூன்று தோட்டா சுடச் சொல்வார்கள். பயணத்தில் ஸ்கோப் அசைந்திருக்கலாம், அதற்காக. பி.எச்.சும் ஓரமாக நின்று, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்வார். கம்பில் சாய்த்தே சுடுங்கள், இருவருக்கும் உண்மை தெரியட்டும். தடம் பார்ப்பவரோடும் அன்றே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். காயம்பட்ட விலங்கைக் கண்டுபிடித்துத் தரப்போகிறவர் அவர்தான். கிளம்பும் நாளில் தரும் அன்பளிப்பை அவருக்கும் சமையல்காரருக்கும் தனித்தனி உறையில் வைக்கலாம். எவ்வளவு என்பதை ஏற்பாட்டாளரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்டாகக் கொண்டுபோனால் நமீபியாவிலும் செல்லும், அங்குள்ள டாலருக்கும் அதற்கும் ஒன்றுக்கு ஒன்று மதிப்பு.

திரும்பிய பின்

இறைச்சி அங்கேயே நிலத்துக்காரருக்கும் ஊழியர்களுக்கும் போகும். பில்டாங் என்ற உப்புக்கண்டம் எவ்வளவு பிடித்திருந்தாலும் பையில் போட்டு வராதீர்கள். பல நாடுகளின் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். கொம்பும் தோலும் உப்பிட்டு, கிருமிநீக்கி, ஏற்றுமதி அனுமதியோடு பெட்டியில் வர மாதக்கணக்காகும். குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக் ஆகியவை அழிநிலை உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. நமீபியாவின் ஹார்ட்மன் மலை வரிக்குதிரை இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதற்குக் கூடுதல் காகிதம் வேண்டும். அதைச் சுடுவதற்கு முன் பி.எச்.சிடம் கேட்பது, சுட்டபின் கேட்பதைவிட மலிவு.

மலேரியா மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வந்தபின் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் உடம்பு முழுக்கத் தேடுங்கள். உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், டாக்சிசைக்ளினில் சரியாகும். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போய், எந்த நாட்டில், எந்த மாகாணத்தில், எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.